ஊசிக்கு முன் நாடி

திண்டுக்கல் நகரை ஒட்டி எழுந்து நிற்கும் பாறைக்குன்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சீன மருத்துவத்தின் முதற்பாடம் அயலானதாகத் தோன்றாது. காலை வேளையில் அக்குன்றின் கிழக்கு முகத்தில் வெயில் ஏறும். மேற்கு முகம் நிழலில் குளிர்ந்து கிடக்கும். பொழுது சாயும்போது வெயிலும் நிழலும் தம்முள் இடம் மாறிக்கொள்ளும். பாறையோ ஒன்றுதான். சீன மொழியில் ‘யின்’ என்னும் சொல் மலையின் நிழற்பக்கத்தையும், ‘யாங்’ என்னும் சொல் வெயிற்பக்கத்தையுமே முதலில் குறித்தன. பின்னாளில் அவை தண்மை, வெம்மை என்றும், ஓய்வு, இயக்கம் என்றும், உள், வெளி என்றும் விரிந்தன. உடலில் இவ்விரண்டும் அளவோடு மாறி மாறி நடப்பது நலம். ஒன்று மிகுந்து மற்றொன்று நலிவது நோய். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ என்னும் சீன மருத்துவ நூல் இந்த அடிப்படையின்மேல் எழுந்ததாகும். மிகுதியும் குறைவுமே நோய்க்குக் காரணம் என்பதை மருந்து அதிகாரத்தில் பயின்ற தமிழர்க்கு இது புதுமையன்று.

இவற்றையெல்லாம் நாம் நூலகத்தில் அமர்ந்து கற்கவில்லை. பேகம்பூருக்கு அருகே ஒரு மாடிக்கூடத்தில், தொடக்க நிலையினருக்கென ஞாயிறுதோறும் நடைபெற்ற பன்னிரண்டு வார வகுப்பில் கற்றோம். எம்முடன் அமர்ந்தவர்கள் பலதரத்தினர். வெங்காய மண்டி வைத்திருக்கும் வணிகர் ஒருவர், நிலக்கோட்டையிலிருந்து பூ வாங்கி விற்கும் அன்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், செவிலியர் படிப்பை முடித்த பெண் ஒருவர், விரைவில் பெயர்ப்பலகை மாட்டிவிட வேண்டும் என்ற ஆவலில் இருந்த இளைஞர் ஒருவர். எமக்கோ வீட்டில் மூத்த சகோதரியாரின் மூட்டுவலி. மாதந்தோறும் மாத்திரைக்குச் செலவாகும் தொகையும், அம்மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும் வேதனையும் எம்மை அந்த மாடிப்படிகளில் ஏற்றின.

முதல் நாளே மண்டி வணிகர் ஓர் ஐயத்தைக் கிளப்பினார். நம் முன்னோர் ஐம்பூதம் என்றால் நிலம், நீர், தீ, வளி, வெளி என்பர். யூனானி ஹகீம்கள் நெருப்பு, காற்று, நீர், மண் என நான்கு என்பர். சீனர்களோ மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்கிறார்கள். “காத்தும் வானமும் எங்கே போச்சுங்க ஐயா? மரமும் இரும்பும் எப்படி உள்ளே வந்துச்சு?” என்றார் அவர். வகுப்பு சிரித்தது, ஆசிரியர் சிரிக்கவில்லை. சீனச் சொல்லின் பொருள் ஐந்து பொருள்கள் என்பதன்று, ஐந்து நடைகள் என்பது என்று விளக்கினார். மரம் என்பது வசந்தத்தில் தளிர்த்தெழும் நடை. நெருப்பு என்பது கோடையில் ஓங்கும் நடை. உலோகம் இலையுதிர் காலத்தில் ஒடுங்கும் நடை. நீர் என்பது குளிர்காலத்தில் உள்ளே சேமிக்கும் நடை. மண் இவை அனைத்திற்கும் இடையில் நின்று தாங்கும் நடை. இது உலகம் எதனால் ஆனது என்று கூறும் பட்டியலன்று. மாற்றத்தைக் கவனிப்பதற்கு அவர்கள் வகுத்துக்கொண்ட ஒரு கணக்கு. கணக்கு என்றதும் வணிகருக்கு விளங்கிவிட்டது.

கல்வியைத் தேடிச் சீனம்வரை செல்லவும் தயங்கலாகாது என்னும் கருத்தமைந்த சொல்லொன்று நம் மேடைகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஹதீஸ் கலை வல்லுநர்கள் அதன் அறிவிப்பாளர் தொடர் வலுவற்றது எனக் கூறியுள்ளனர். ஆயினும் மருத்துவக் கல்வியில் நம்மவர்க்கும் சீனர்க்கும் இடையே மெய்யாகவே போக்குவரத்து இருந்தது. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த இப்னு அந்நதீம் தமது ‘ஃபிஹ்ரிஸ்த்’ நூலில் மாமருத்துவர் அர்ராஸி கூறியதாக ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். சீனத்திலிருந்து வந்த ஒருவர் அர்ராஸியிடம் ஏறத்தாழ ஓராண்டு தங்கி அரபு மொழியைக் கற்றுத் தேர்ந்தாராம். ஊர் திரும்ப ஒரு மாதமே இருந்தபோது, கிரேக்க மருத்துவர் ஜாலினூஸின் நூல்களைத் தமக்கு வாசித்துக் காட்டுமாறு வேண்டினாராம். அர்ராஸியும் அவருடைய மாணவர்களும் எவ்வளவு விரைந்து வாசித்தாலும், அவர் தம் நாட்டுச் சுருக்கெழுத்தில் அதைவிட விரைந்து எழுதிக் கொண்டு போனாராம்.

இங்கிருந்து அங்கே சென்றது போலவே அங்கிருந்தும் இங்கே வந்ததுண்டு. மங்கோலிய அரசில் அமைச்சராக விளங்கிய ரஷீதுத்தீன், தாமே மருத்துவருமாவார். தப்ரீஸ் நகரில் அவர் மேற்பார்வையில் சீன மருத்துவ நூல் பாரசீகத்தில் ஆக்கப்பட்டது. ‘தன்சூக்நாமா’ எனப்படும் அந்நூலின் 1313ஆம் ஆண்டுப் படி இன்றும் இஸ்தான்புல் நகரில் இருக்கிறது. அதன் பெரும்பொருள் என்ன தெரியுமா? நாடி பார்க்கும் கலை.

நாடி என்றதும் நம் ஊர் நினைவுக்கு வராமலிராது. சித்த வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பார். யூனானி ஹகீம் ‘நப்ஸ்’ என்று அதனையே தொட்டு, இப்னு ஸீனா வகுத்த பத்து இயல்புகளைத் தேடுவார். சீன மருத்துவரும் மூன்று விரல்களையே வைக்கிறார். ஆனால் இரு கைகளிலும், மேலோட்டமாகவும் அழுத்தியும் பார்த்து வெவ்வேறு உள்ளுறுப்புகளை அறிய முயல்கிறார். திண்டுக்கல்லுக்கு மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள பழனியில் போகர் சமாதி என்று ஓரிடத்தைக் காட்டுகிறார்கள். அச்சித்தர் சீனத்தவர் என்போரும் உண்டு. சீனம் சென்று வந்த தமிழர் என்போரும் உண்டு. வரலாறு இவற்றுள் எதையும் உறுதி செய்யவில்லை. எனினும், சீனத்தோடு தொடர்புடைய மருத்துவர் ஒருவரை நம் மக்கள் வேற்றாராகக் கருதவில்லை என்பதை அவ்வழக்கே காட்டுகிறது.

அண்மைக் காலத்தில் ஊசி மருத்துவம் இந்நாட்டிற்கு வந்த வழி இதனினும் உருக்கமானது. 1938இல், ஜப்பானியப் படையெடுப்பால் துன்புற்ற சீனத்திற்கு இந்திய மருத்துவர் ஐவர் சென்றனர். அவர்களுள் சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகநாத் கோட்னிஸ், காயமுற்றோருக்குப் பணியாற்றியபடியே 1942 டிசம்பரில் அங்கேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 32. அவருடன் சென்ற விஜயகுமார் பாசு 1950களின் இறுதியில் மீண்டும் சீனம் சென்று ஊசி மருத்துவத்தைக் கற்றுவந்து கல்கத்தாவில் அதனைத் தொடங்கிவைத்தார். கொடுக்கச் சென்ற கை பெற்றும் வந்தது. தமிழகத்தில் இன்று ‘அக்குபங்சர்’ என்னும் பலகை சிற்றூர்களிலும் தென்படுகிறது. ஊசியே இன்றி விரல் நுனியால் புள்ளியைத் தொட்டு அமைவோரும் இங்கே பலராக உள்ளனர்.

வகுப்பில் எம்மை மிகவும் கவர்ந்த பாடம் அளவைப் பாடமாகும். சீன நூல்கள் கூறும் சக்திநாளங்கள் பன்னிரண்டு. முன்னும் பின்னும் நடுக்கோட்டில் ஓடும் இரண்டையும் சேர்த்தால் பதினான்கு. அவற்றின் மீதுள்ள புள்ளிகள் 361. இப்புள்ளிகளை எப்படிக் கண்டுபிடிப்பது? அளவுகோல் ‘சுன்’ எனப்படும். நோயாளியின் கட்டைவிரல் மூட்டின் அகலம் ஒரு சுன். ஆட்காட்டி விரல் முதல் சிறுவிரல் வரை நான்கையும் சேர்த்து வைத்தால் மூன்று சுன். முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல் இறங்கி, முன்னெலும்புக்கு வெளியே ஒரு விரல் தள்ளினால் ‘ஜூசான்லி’ என்னும் புள்ளி. இங்கே கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. அளக்கும் விரல் மருத்துவருடையதன்று, நோயாளியுடையது. குழந்தைக்குக் குழந்தையின் விரல். பயில்வானுக்குப் பயில்வானின் விரல். தன் கையால் பிறர் உடலை அளப்பவன் பிழை செய்வான். மருத்துவத்திற்கு மட்டுமா இது பொருந்தும்?

இனி, இம்முறை பயன் தருகிறதா என்னும் கேள்விக்கு வருவோம். பக்தியும் வெறுப்பும் இன்றி இதற்கு விடை தேடியோர் உலகில் பலர். மணிக்கட்டுக் கோட்டிலிருந்து இரண்டு சுன் மேலே, இரு நரம்புக் கயிறுகளுக்கு நடுவே ‘நெய்குவான்’ என்றொரு புள்ளி உண்டு. அறுவை மருத்துவத்திற்குப் பின் வரும் குமட்டலை அதனைத் தூண்டுவது குறைக்கிறது எனப் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்கள் கூறியுள்ளனர். 2007இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வொன்று இன்னும் சிந்திக்கத் தக்கது. நாட்பட்ட இடுப்புவலி உடைய 1162 பேரை மூன்று பிரிவாக்கினர். முறைப்படி ஊசி குத்தப்பட்டோரில் 47.6 விழுக்காட்டினர் நலமடைந்தனர். புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டோரில் 44.2 விழுக்காட்டினர் நலமடைந்தனர். மருந்து, உடற்பயிற்சி முதலிய வழக்கமான மருத்துவம் பெற்றோரில் 27.4 விழுக்காட்டினரே நலமடைந்தனர். ஊசி முறையை இகழ்வோர்க்கும் இதில் பாடம் உண்டு. புள்ளிப்படத்தை வேதம்போல் போற்றுவோர்க்கும் பாடம் உண்டு. வலியுற்றவரைப் படுக்கவைத்து, அருகில் அமர்ந்து, தொட்டுக் கேட்டு, அரைமணி நேரம் அமைதியளிப்பதும் மருந்தின் ஒரு பாகமே என்று நாம் இதிலிருந்து எண்ணிக்கொண்டோம்.

பூ வணிகருக்கு ஒரு நாள் பெருமை வந்து சேர்ந்தது. சீன மருத்துவத்தில் ஊசியோடு சேர்ந்து நடப்பது புகைச்சூடு: உலர்ந்த மூலிகையைத் திரியாக்கிக் கொளுத்தி, புள்ளிக்கு அருகே காட்டி வெம்மையேற்றுவது. அம்மூலிகை, நாம் மாசிபத்திரி என்று வழங்குவதன் நெருங்கிய உறவு. அவர் மாலையில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்தும் அதே இனம். மலேரியாவுக்கு இன்று உலகெங்கும் கொடுக்கப்படும் ஆர்ட்டெமிசினின் மருந்து பிறந்த செடியும் அதே இனம். நான்காம் நூற்றாண்டுச் சீன நூலொன்றில் அச்செடியைக் குளிர்நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்த குறிப்பை டூ யூயூ என்னும் பெண் அறிஞர் ஊன்றிப் படித்தார்; கொதிக்க வைத்தால் வீரியம் கெடும் போலும் என ஊகித்தார்; சோதித்தார்; 2015இல் நோபல் பரிசு பெற்றார். பழைய ஏட்டைப் போற்றுவதற்கு இதனினும் சிறந்த வழி உண்டோ? அவர் ஏட்டை நம்பியதோடு நிற்கவில்லை. உரைகல்லில் இட்டு உரைத்தும் பார்த்தார்.

உரைத்துப் பாராமல் நம்பியதன் விலையும் பெரிது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜிய நாட்டில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை உட்கொண்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் பழுதுற்றனர். ஒரு மூலிகைக்கு மாற்றாகப் பெயரொத்த வேறொன்று கலந்துவிட்டதே காரணம். கலந்தது ‘அரிஸ்டலோக்கியா’ இனத்தது. வாசகர்களே, அவ்வினத்துச் செடி நம் சமவெளிக் கரிசலிலும் வேலியோரங்களிலும் படர்ந்து கிடக்கிறது. ஆடுதின்னாப்பாளை என்பது அதன் பெயர். ஆடே தின்னாது என்று பெயரிட்டு எச்சரித்த நம் முன்னோர் அதனை மருந்துக்கும் பயன்படுத்தினர். சிறுநீரகத்துக்குக் கேடு செய்யும் நஞ்சு அதிலும் உண்டு என்பது இன்றைய ஆய்வு காட்டும் உண்மை. ‘இலைதானே, என்ன செய்துவிடும்?’ என்பது அறிவுடையார் பேச்சன்று.

எட்டாம் வாரத்தில் நடந்ததொன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மாணவர்களுள் ஒருவர் தம் அத்தாவை அழைத்து வந்தார். தோல் பதனிடும் தொழிலில் வாழ்நாளைக் கழித்த பெரியவர், சர்க்கரை நோயாளி. பாதம் எரிகிறது என்றார். ஊசி வைத்தியத்தால் சர்க்கரையே போய்விடும் என்று யாரோ எங்கோ சொல்லக் கேட்டு, இரண்டு மாதமாக மாத்திரையை நிறுத்தியிருந்தார். பலகை மாட்டும் ஆவலில் இருந்த இளைஞர், கற்ற புள்ளிகளைக் காட்டிவிட நல்ல வாய்ப்பு என்று முன்னே வந்தார். ஆசிரியர் கையமர்த்தினார். “பாய், செருப்பைக் கழற்றுங்க, முதல்ல பாதத்தைப் பார்ப்போம்” என்றார். குனிந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். வலக்காலின் இரு விரல்களுக்கிடையே புண் பழுத்து நிறம் மாறியிருந்தது. பெரியவருக்கு அது தெரியவே இல்லை.

“ஊசி குத்தினா வலிக்குதான்னு கேட்க வேண்டிய கால் இது. புண் வந்ததையே இது சொல்லலையே” என்றார் ஆசிரியர். அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். தாமும் உடன் சென்றார். ஒரு விரலை நீக்க நேர்ந்தது, கால் பிழைத்தது. இன்னும் ஒரு வாரம் ஊசியை நம்பி வீட்டில் இருந்திருந்தால் காலே போயிருக்கும் என்று மருத்துவர் கூறினாராம். அந்தப் பன்னிரண்டு வாரங்களில் நாம் கண்ட தலைசிறந்த சீன மருத்துவம் எது என்று கேட்டால், ஊசியை எடுக்காமல் பாதத்தைப் பார்த்த அந்தச் செயலையே சொல்வோம். நோக்குதல், கேட்டல், வினவுதல், தொடுதல் என்னும் நான்கும் முடிந்த பின்னரே மருத்துவம் என்பது சீன நூல்களின் விதியுமாகும்.

அரைகுறை அறிவோடு மருத்துவம் செய்வோர் சிக்கல் இன்று தோன்றியதன்று. ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931இல், பாக்தாதில் மருத்துவர் ஒருவரின் பிழையால் ஓர் உயிர் போயிற்று. கலீஃபா அல்முக்ததிர், மருத்துவம் செய்வோர் அனைவரையும் தேர்வு செய்து அனுமதியளிக்குமாறு ஸினான் இப்னு ஸாபித் என்னும் தலைமை மருத்துவருக்கு ஆணையிட்டார். எண்ணூற்று அறுபதுக்கு மேற்பட்டோர் தேர்வு செய்யப்பட்டனர். அவர்களுள் நன்கு உடுத்திய முதியவர் ஒருவர், தமக்கு ஏட்டுக் கல்வியே இல்லை என்றும், குடும்பம் இதனால்தான் பிழைக்கிறது என்றும் ஒப்புக்கொண்டாராம். ஸினான் அவரை விரட்டவில்லை. அறியாத நோயில் கை வைக்கலாகாது. எளிய நோய்க்கன்றி இரத்தம் வெளியேற்றுவதோ பேதிக்குக் கொடுப்பதோ கூடாது என்னும் நிபந்தனையோடு அனுமதித்தார். மறுநாள் இளைஞர் ஒருவர் வந்தார். யாரிடம் கற்றீர் என்று கேட்க, நேற்று வந்த முதியவர் தம் தந்தை என்றார். அவருக்கும் அதே நிபந்தனை! ஓராயிரம் ஆண்டுக்குப் பின்னும் தொடக்க வகுப்பு மாணவர் ஒவ்வொருவர்க்கும் பொருந்தும் நிபந்தனை அது.

மருத்துவம் அறிந்தவர் என்று பெயர் பெறாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்பது நபிமொழியிலிருந்து சட்ட அறிஞர்கள் எடுத்த முடிவு. பதினான்காம் நூற்றாண்டு அறிஞர் இப்னுல் கையிம் இதனை விரித்து எழுதியுள்ளார். நல்ல எண்ணம் என்பது அறியாமைக்கு ஈடாகாது என்பதே அதன் சாரம். இந்நாட்டுச் சட்டமும் மெல்ல மெல்ல அத்திசையில் நடக்கிறது. 2003 நவம்பரில் மத்திய அரசு அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக மட்டும் ஏற்று, பதிவுபெற்ற மருத்துவரோ தக்க பயிற்சி பெற்றவரோ செய்யலாம் என்றது. 2019 பிப்ரவரியில் அதனைத் தனி மருத்துவமுறையாக ஏற்றது. மேற்கு வங்கமும் மகாராட்டிரமும் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியுள்ளன. தக்க பயிற்சி என்னும் சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மார்பில் ஆழக் குத்திய ஊசி நுரையீரலைத் துளைத்துவிடும். தூய்மை செய்யாத ஊசி ஒருவர் குருதி நோயை மற்றவர்க்குக் கடத்திவிடும். கருவுற்ற பெண்ணுக்குத் தவிர்க்க வேண்டிய புள்ளிகளும் உண்டு. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தனையும் கைக்கு வந்துவிடுமா?

அப்படியானால் தொடக்க வகுப்பால் பயனே இல்லையா என்று வாசகர் கேட்கக்கூடும். பயன் உண்டு, பெரிதும் உண்டு. மருத்துவராவதற்கு அது போதாது. நோயாளியின் அருகில் அமரத் தெரிந்தவராவதற்கு அது போதும். நம் வீடுகளில் முதியோர் மாத்திரைக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே தனித்திருக்கிறார்கள். ‘உறக்கம் வந்ததா, பசித்ததா, நாக்கு வறள்கிறதா, கால் குளிர்கிறதா’ என்று கேட்பாரைக் காணோம். சீன மருத்துவத்தின் முதல் ஏடு இக்கேள்விகளாலேயே ஆனது. அவற்றைக் கேட்கப் பழகிய ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தால், எரியும் பாதத்தின் புண் காலத்தோடு கண்ணில் படும்; நிறுத்தப்பட்ட மாத்திரை மறுநாளே தெரியவரும்.

வகுப்பு முடிந்த அன்று இளைஞர் பலகையைப் பற்றிப் பேசவில்லை. முறையான நெடும்படிப்பில் சேர விண்ணப்பம் வாங்கியிருப்பதாகச் சொன்னார். எமது சகோதரியாரின் மூட்டுவலி முற்றும் நீங்கியது என்று எழுத நமக்கு ஆசைதான், நீங்கவில்லை. இரவில் இஷாத் தொழுகைக்குப் பின் அவருடைய நான்கு விரல்களையே வைத்து அளந்து, முழங்காலுக்குக் கீழே அந்த இடத்தைச் சற்று நேரம் அழுத்திக் கொடுக்கிறோம். வலி கொஞ்சம் தணிகிறது என்கிறார். அதற்குள் அன்றைய பகலின் செய்தியெல்லாம் வந்துவிடுகிறது. இரத்த அழுத்த மாத்திரை போட்டாயிற்றா என்பதும் தெரிந்துவிடுகிறது. குணமளிப்பவன் இறைவன். அவன் அடியார்களில் ஒருவரைத் தொட்டுக் கேட்கும் பொறுமையை அந்த மாடிக்கூடத்தில் பெற்றோம்.